இசட் புள்ளிக்கு முன்னால் ஒரு பிறப்புப் பத்திரம்

இலங்கையின் பழைய பிறப்புப் பத்திரப் படிவத்தில், தாய் தகப்பன் விபரங்களுக்குக் கீழே, பலரும் ஒரு கோட்டை இழுத்துவிட்டுக் கடந்துபோகும் இரண்டு கூடுகள் உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்ன என்று ஒன்று கேட்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காமல், பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்ன என்று மற்றது கேட்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தப் படிவத்தில் விட்டுச்சென்ற தடம் அது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டு என்றது அந்தச் சட்டம். மலையகத் தோட்டங்களில் வேலைசெய்த ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அதனால் நாடற்றவர்களானார்கள்.

யாழ்ப்பாணத்தவருக்கு அந்தக் கூடுகள் அன்று ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பூட்டன் பிறந்த வளவைக் கைநீட்டிக் காட்டக்கூடிய சமூகம் இது. தோம்பும் உறுதியும் பெட்டகத்தில் கிடந்தன. காகிதம் இல்லாத பிள்ளை என்றால் அது தோட்டத்துப் பிள்ளை என்றே குடாநாடு நெடுங்காலம் நினைத்திருந்தது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் இந்தப் பிரசாவுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது, 'தோட்டத்துப் பிரச்சினை நமக்கென்ன' என்று கேட்டவர்களும் இங்கே இருந்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் முப்பத்தைந்து, நாற்பது வருடத்துக்குள் தமிழ்நாட்டு அகதி முகாம்களான மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பிறந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பின்னும், 1995க்குப் பின்னும், 2006க்குப் பின்னும் அலை அலையாகச் சனம் பாக்குநீரிணையைக் கடந்தது. வடமராட்சிக் கரையிலிருந்து கோடியக்கரைக்கும், மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கும் வள்ளங்கள் ஓடின. வந்தவர்களை முதலில் பதிந்த மண்டபம் முகாம், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் சோதித்து அனுப்பிய அதே இடம். சரித்திரத்துக்குச் சில வேளைகளில் இடம் தேடும் சிரமமும் கிடையாது. 2021இல் தமிழ்நாட்டரசு தந்த கணக்குப்படி 108 முகாம்களில் சுமார் 58,800 பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். இலங்கையைக் கண்ணால் காணாதவர்கள்.

அப்படியானால் அவர்கள் இந்தியர்களா? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியப் பிரஜை. அந்தத் திகதிக்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டில்லாமல் வள்ளத்தில் வந்த எவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறியே. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், முதல் விதியைப் பிடித்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2022இல் தனக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டுமென்ற தீர்ப்பைப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அவர் இரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் அந்த வழக்கே இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானோடு நின்றுகொண்டது. இலங்கையை எட்டிப் பார்க்கவில்லை.

இந்த முகாம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்களா என்றால், போனார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே போனார்கள். அதற்குக் காரணமாக இருந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை. சுருக்கமாக 'ஓஃபர்' என்று முகாம்களில் வழங்கும் இந்த அமைப்பை 1984இல் சென்னையில் தொடங்கியவர் எஸ். சி. சந்திரகாசன், செல்வநாயகத்தின் மகன். தகப்பன் தோட்டத்து மக்களின் காகிதத்துக்காகக் கட்சியை உடைத்தார். மகன் யாழ்ப்பாணத்து மக்களின் காகிதத்துக்காக அலுவலகம் திறந்தார். இடைநடுவில் படிப்பை விட்டு வந்த மாணவர்களே அந்த அமைப்பின் தொடக்ககாலத் தொண்டர்களில் முக்கியமானவர்கள். உதவி பெற்றுக் கல்லூரிக்குப் போனவர்கள் தங்கள் முகாமுக்குத் திரும்பிவந்து சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது அங்கே ஒரு வழமையாகவே ஆனது. சீட்டுப் பிடிப்பதுபோல இந்த வருடம் ஒருவர் எடுத்தால் அடுத்த வருடம் அவர் கட்டவேண்டும். பணமாக அல்ல, இயற்கணிதமாக.

ஆனால் வகுப்பு அந்த வேலையின் சுலபமான பாதி. கடினமான பாதி அனுமதிகளும் சான்றுகளும். 1980களில் தமிழ்நாட்டரசு மருத்துவம், பொறியியல், விவசாயம், பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் ஈழ மாணவர்க்கென இடங்கள் ஒதுக்கியது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பின் அந்தச் சலுகை போனது. பாடசாலைக் கதவுகூடச் சில காலம் மூடியது. 1996இல் ஆட்சி மாறியபின் உயர்கல்விக் கதவு மறுபடி திறந்தது. ஒரு கொலைக்கும் ஒரு தேர்தலுக்கும் இடையே பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அதன் பிறகும் முகாம் பிள்ளை வேறு மாவட்டத்துக் கல்லூரியில் சேர்ந்தால் வருவாய்த்துறையின் அனுமதி, தமிழ்நாட்டுப் பொலிஸின் கியூ பிரிவின் பார்வை, குறித்த நாளில் முகாமில் 'செக்கிங்'குக்கு ஆளாக நிற்க வேண்டிய கட்டாயம் எல்லாம் கூடவே போயின. பரீட்சையும் செக்கிங்கும் ஒரே நாளில் வந்தால் எதற்குப் போவது என்பது அங்கே நகைச்சுவையான கேள்வி இல்லை. 2021 ஆகஸ்டில் மு. க. ஸ்டாலின் அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, அகதிகள் முகாமை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகையையும் உயர்த்தியது. பணக் கஷ்டம் கொஞ்சம் இளகியது. பட்டம் பெற்ற பின் கேட்கப்படும் 'நீ எந்த நாட்டு ஆள்' என்ற கேள்வி இளகவில்லை. எந்திரவியல் படித்துவிட்டுப் பெயின்ற் அடிக்கப் போகும் இளைஞரை முகாமுக்கு முகாம் காணலாம்.

இவர்களில் ஒரு பகுதி திரும்பி வந்தது. 1992க்கும் 1995க்கும் இடையில் சுமார் 54,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் எத்தனை சுயவிருப்பம், எத்தனை நெருக்குதல் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. 2009க்குப் பின் சிறு சிறு தொகையாக, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடும் சொந்தச் செலவிலும் குடும்பங்கள் வந்தன. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர்கள் வலிகாமம் வடக்கிலும் வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் தம் காணிகளைத் தேடினார்கள். பிள்ளைகள் பாடசாலையைத் தேடினார்கள்.

இங்கே, திரும்பி வந்த குடும்பமொன்றின் வழக்கமான கோப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எந்தத் தனி வீட்டினதும் கோப்பு அன்று. இப்படியான கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் தாள்களைச் சேர்த்தது. மேலே, தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ். பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். இலங்கையிலோ தகப்பனின் முழுப்பெயரும் வேண்டும். தாயின் பெயர்க் கூட்டில் ஆஸ்பத்திரித் தாதி கேட்டபோது சொன்ன வீட்டுப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு தாளில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. அடுத்தது தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புப் பத்திரங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த சனத்தில் எத்தனை பேர் அந்தப் பையை எடுத்தார்கள், எத்தனை பேரின் பை செம்மணி வெளியோடு போனது என்பது வேறு கதை. அதற்கடுத்தது கலியாணப் பதிவு. முகாமுக்குள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தாலி கட்டியவர்களிடம் அது இராது. பிறகு முகாம் அடையாள அட்டையின் பிரதி. பிறகு, பெயர் வேறுபாடுகள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் அந்தப் பிறப்பு ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதியப்பட வேண்டும் என்பது சட்டம்; பிந்தினால் அமைச்சரின் அனுமதி. முகாமிலிருந்தவருக்குச் சென்னைத் துணை உயர் ஸ்தானிகராலயம் போய்வருவதே ஒரு பயணம். 2003 வரை பிரசாவுரிமை தகப்பன் வழியே இறங்கியது. அந்த ஆண்டின் திருத்தம்தான் தாயையும் கணக்கில் எடுத்தது. தகப்பன் காணாமற்போன, அல்லது கடலோடு போன வீடுகளுக்கு அந்த ஒற்றைத் திருத்தம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் கோப்புகளைக் கையாண்டவர்கள் அறிவார்கள். மலையக வம்சாவளியினராக இருந்து கலவரங்களில் வன்னிக்கு வந்து, அங்கிருந்து இந்தியாவுக்கு ஓடியவர்களுக்கு வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை தந்தது. 2009இல் வந்த திருத்தம்தான் அதை இந்தியாவில் அகதிகளாக இருந்தவர்களுக்கும் நீட்டியது. இந்தச் சட்டங்கள் வந்த பின் முகாம் முகாமாகப் போய்ப் படிவம் நிரப்பியவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரி மாணவர்களும் பட்டதாரிகளுமே. சட்டம் கொழும்பில் வரும். கூட்டை நிரப்ப எழுத்தறிந்த ஒரு பிள்ளை வேண்டும்.

இனி யாழ்ப்பாணத்துப் பாடசாலை. ஆரம்ப வகுப்பென்றால் 'பிறகு கொண்டுவந்து தாங்கோ' என்று அதிபர் சேர்த்துக்கொள்வதுண்டு. விதானையாரின் கடிதம் ஒன்று போதும். சமச்சீர்ப் பாடத்தில் எட்டாம் வகுப்புப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இங்கே இரண்டாம் மொழிச் சிங்களம் புதிது, இலங்கை வரலாறு புதிது. சைவநெறி ஒரு பரீட்சைப் பாடமாக இருப்பதே புதிது. அதெல்லாம் ஒரு வருடத்தில் சரிக்கட்டக்கூடியது. சங்கடம் பதினைந்து வயதில் வருகிறது. தேசிய அடையாள அட்டைக்கு அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும்; அதற்குப் பிறப்புப் பத்திரம், இந்தியாவில் பிறந்தவருக்குப் பிரசாவுரிமைச் சான்றிதழ். க.பொ.த. சாதாரண தரம் அடுத்த வருடம் நிற்கும். ஏழு வருடமாக 'பிறகு' என்று தள்ளிவைத்த தாள்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கேட்கப்படும். கொழும்பிலிருந்து பதில் வர மாதங்கள் ஆகும். தற்காலிக ஆவணத்தைக் காட்டிச் சோதனை எழுதலாம். ஆனால் உயர்தரம், பல்கலைக்கழக விண்ணப்பம், மகாபொல புலமைப்பரிசில், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு படியிலும் அதே கேள்வி அட்டை வடிவில் திரும்பி வரும்.

பல்கலைக்கழக அனுமதி இலங்கையில் உயர்தரத்தின் இசட் புள்ளியால் நடக்கிறது: 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். மாவட்டம் எதுவென்பதைத் தீர்மானிப்பது பிறந்த இடமல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்வோம். பிளஸ் டூவை இந்தியாவில் முடித்துவிட்டு வந்தவருக்கு இந்த வழி இல்லை. வெளிநாட்டுத் தகைமையோடு வருவோருக்கென்று வைத்திருக்கும் மிகச் சிறிய ஒதுக்கீட்டில், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் நல்ல பாடசாலைகளில் படித்த பிள்ளைகளோடு முட்டிமோத வேண்டும். பட்டமே பெற்று வந்தவர், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதுதான் என்ற கடிதத்துக்குக் கொழும்புக்கு நடக்க வேண்டும்.

குடாநாட்டு வரலாற்றில் மாணவர் அமைப்பு ஒன்று பிறத்தியார் பிள்ளையின் பாடசாலை வாசலைப் பற்றிக் கவலைப்பட்டதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்களே. பூரண சுயராச்சியத்துக்காக 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் இவர்களை அரசியல் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. சம ஆசனம், சம போசனம் என்று சாதியால் தரையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேசியதை அதற்குச் சமமாக நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. வெள்ளாள வீட்டுக் கல்லூரி மாணவர்கள் பலர் இருந்த ஓர் அமைப்பு, தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு விஷயத்துக்காகச் சொந்த வீட்டாரோடு முரண்பட்டது. அதுதான் அதன் பெருமை என்பது என் எண்ணம்.

அடுத்த பெரிய மாணவர் எழுச்சி தரப்படுத்தலுக்கு எதிரானது. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது, சிங்கள மொழி மூலத்துக்கு 227. 1970இல் சத்தியசீலன் முதலானோர் அமைத்த தமிழ் மாணவர் பேரவை அதற்கெதிராகப் பாடசாலை மாணவரை வீதிக்கு இறக்கியது. அநீதி உண்மையானது, கோபமும் நியாயமானது. ஆயினும் அன்றிலிருந்து 'கல்வி உரிமை' என்றால் யாழ்ப்பாணத்தின் மனதில் வருவது வெட்டுப்புள்ளி மட்டுமே. சோதனை மண்டபத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று நாம் அரை நூற்றாண்டாக வாதாடினோம். மண்டப வாசலில் அட்டையில்லாமல் நிற்கும் பிள்ளை நம் அரசியலுக்குள் வரவே இல்லை. 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகம் வந்தது, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. அதன் மாணவர்கள் எத்தனையோ ஊர்வலம் போயிருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்துக்காக ஒரு மேசை போட்டிருந்தால் அது எந்த ஊர்வலத்துக்கும் குறைந்ததாக இருந்திராது.

அப்படி மேசை போட்டவர்கள் வேறிடங்களில் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலம் ஆவணமில்லாத பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து ஒதுக்கப் பார்த்தபோது, 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தடுத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. கல்லூரி வாசலில் அவர்கள் வெளி மாநிலத்தாருக்கான கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2001இல் கலிபோர்னியா ஒரு வழி கண்டுபிடித்தது: மாநிலத்து உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடம் படித்து முடித்தவர், குடியுரிமை என்னவாயினும் உள்ளூர்க் கட்டணமே கட்டலாம். அந்தச் சட்டத்தைப் பல்கலைக்கழகக் கவுண்டர்களில் உயிர்ப்பித்தவர்கள் 2003இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் தொடங்கிய 'ஐடியாஸ்' போன்ற மாணவர் கழகங்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கூட்டை வெறுமையாக விடலாம், எந்த அலுவலர் சட்டம் தெரியாமல் திருப்பி அனுப்புவார், அவருக்கு எந்தப் பந்தியைக் காட்டவேண்டும் என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிய அறிவு. முகாமில் மாலை வகுப்பு எடுத்த நம் பிள்ளைகள் அதற்கு இருபது வருடம் முன்பே இதைத்தான் செய்தார்கள். அங்கே ஆய்வு நூல்கள் வந்தன. இங்கே செக்கிங் வந்தது.

கலிபோர்னியாவின் மூன்று வருட விதியும் இலங்கை மாவட்ட ஒதுக்கீட்டின் மூன்று வருட விதியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கருத்துக்கு வந்திருக்கின்றன: ஒரு பிள்ளை எங்குரியது என்பதை அது படித்த பாடசாலையின் இடாப்பே சொல்லும். நமது சட்டம் இதை மாவட்டத்துக்கு ஏற்றுக்கொள்கிறது, நாட்டுக்கு ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. காங்கேசன்துறைப் பாடசாலையில் ஆறாம் தரத்திலிருந்து படிக்கும் பிள்ளையை யாழ்ப்பாண மாவட்டத்தவர் என்று ஒப்புக்கொள்ளும் அரசு, இலங்கையர் என்று ஒப்புக்கொள்ளத் தகப்பனின் கலியாணப் பதிவைக் கேட்கிறது.

காகிதமில்லாப் பிள்ளை என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1990இல் வலி வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்கள் மல்லாகம், கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தன. பிறப்புகள் பிந்திப் பதியப்பட்டன, சில பதியப்படவே இல்லை. பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொரு வழி உண்டு. நடமாடும் சேவைகள் வந்து அட்டை செய்துகொடுப்பதும் உண்டு. பவ்ரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் வாக்குரிமையை முன்னிட்டு அதில் நல்ல வேலை செய்தன. ஆனால் தேர்தலை முன்னிட்ட சேவை பதினெட்டு வயதானவரைத் தேடும். படிப்புக்கு அட்டை தேவைப்படும் வயது அதற்கு மூன்று வருடம் முந்தியது.

2025 மே மாதக் கடைசியில், ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைதானார். குற்றம்: பல்லாண்டுக்கு முன் கடவுச்சீட்டில்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது. குண்டு விழும்போது கடவுச்சீட்டுக் கந்தோருக்குப் போகாதது பிழைதான் என்றது நாட்டின் சட்டம். எதிர்ப்பு எழுந்தபின் அவர் விடுதலையானார், கொள்கையை மாற்றுவதாக அரசாங்கம் சொன்னது. ஆனால் ஆணையம் தன் திரும்புகை உதவியை நிறுத்திவைத்தது. அந்த முதியவர் கைதானதைக் கைத்தொலைபேசியில் பார்த்த முகாம் மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதும் யோசனையை எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறப்புப் பத்திரத்துக்கான மேசையை இங்கே போட ஒன்பதாம் தரம் என்பது சரியான நேரம். அடையாள அட்டைக்கு ஒரு வருடம் இருக்கும், சாதாரண தரத்துக்கு இரண்டு வருடம் இருக்கும், கொழும்பின் பதிலுக்குக் காத்திருக்கலாம். வகுப்பாசிரியரிடம் இடாப்பு இருக்கிறது. எந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திர இலக்கக் கூடு வெறுமையாக இருக்கிறதென்று அதைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரியும். அந்த மேசைக்கு வேண்டியவை: சட்ட மாணவர் இருவர், முகாமில் படித்துத் திரும்பிய பட்டதாரி ஒருவர், சத்தியக் கடதாசி முடித்துத்தரச் சம்மதிக்கும் சமாதான நீதவான் ஒருவர், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி. பிரதேச செயலகத்துக்குப் போகும் பஸ் காசுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது; துடுப்பாட்டப் பெருஞ்சமருக்குச் சேர்க்கும் காசில் ஒரு துளி போதும்.